ஊட்டித் தண்ணீரில் ஒரு மீட்டர் நீர்மூழ்கி

குன்னூரை அடுத்த வெலிங்டனில் வெள்ளைச் சீருடைக் கடற்படை அதிகாரிகளைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. முப்படை அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அடியில் நடக்கும் போரையும் அவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அதே மலையில் ஊட்டி ஏரி, பைக்காரா, தேயிலைத் தோட்டத்துக் குட்டைகள் என்று தண்ணீருக்கும் பஞ்சமில்லை. அந்தத் தண்ணீரில், ரிமோட்டில் ஓடும் ஒரு மீட்டர் நீள மாதிரி நீர்மூழ்கி ஒன்றை விடவேண்டும் என்றால், அதைத் தள்ளும் இயந்திரத்தை எப்படி அமைப்பது?

ரிமோட் கார் வழியில் நின்றுபோனால் நடந்துபோய்த் தூக்கி வரலாம். குட்டி விமானம் விழுந்தால் துண்டுகளையாவது பொறுக்கலாம். கலங்கிய ஏரியில் மூன்று மீட்டர் ஆழத்தில் நின்றுபோன நீர்மூழ்கி எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. அதனால் மாதிரி நீர்மூழ்கி செய்பவர் ‘எவ்வளவு வேகம் போகும்’ என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிடுகிறார். ‘மோட்டார் நின்றால் மேலே வருமா’ என்பதிலிருந்துதான் அவருடைய கணக்கு தொடங்குகிறது.

வேகக் கணக்கு அப்படியொன்றும் மிரட்டுவதில்லை. மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கல்வரி நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். நீளம் 67.5 மீட்டர், மூழ்கிய நிலையில் எடை சுமார் 1,775 டன், நீருக்கடியில் வேகம் 20 நாட். அதை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 1.12 மீட்டர் ஆகிறது. எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால் எட்டு கிலோ சொச்சத்துக்கு வந்துவிடும். வேகத்தையும் அறுபதால் வகுத்தால் மாதிரி ஆமைபோல் ஊரும், பார்க்க நன்றாக இராது. அறுபதின் வர்க்கமூலத்தால் வகுப்பதே மாதிரிக் கப்பல்காரர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் நொடிக்கு 1.3 மீட்டர். கரையில் ஒருவர் கூடவே நடந்து வரலாம்.

இந்த வேகத்தில் எட்டு கிலோ உடலைத் தண்ணீருக்குள் தள்ள, ப்ரொப்பல்லரிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தாலும், தோராயமாக ஐந்து வாட் மின்சக்தி போதும். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு இதைவிட அதிகம் குடிக்கிறது. ஆனால் ஆசைப்பட்டு வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் கூடக் கூடத் தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், செலவாகும் சக்தி கன மடங்கில் ஏறும். பெரிய மோட்டாரைப் போட்டுப் பேட்டரியைக் காலி செய்தவர்கள் இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

அடுத்தது சுற்று. கடையில் கிடைக்கும் சின்ன மோட்டார்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் பறக்கக்கூடியவை. ஒரு சுற்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னேறும் ப்ரொப்பல்லருக்கு, தண்ணீரில் வழுக்குவதையும் சேர்த்து, இரண்டாயிரம் சொச்சம் சுற்றே போதும். எனவே நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து ஐந்துக்கு ஒன்று என்று குறைக்கிறார்கள். பெரிய ப்ரொப்பல்லரை மெதுவாகச் சுற்றினால், சின்னதை வேகமாகச் சுற்றுவதைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே தள்ளு கிடைக்கிறது. நிஜ நீர்மூழ்கிகளிலும் இதே நியாயம்தான், அங்கே கூடுதலாகச் சத்தமும் குறையும்.

எத்தனை ப்ரொப்பல்லர் என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் மூன்று ப்ரொப்பல்லர்கள் நினைவிருக்கும். புதிய கல்வரிக்கோ ஒன்றே ஒன்று. ஒற்றை ப்ரொப்பல்லர் வலப்புறம் சுற்றினால் உடல் இடப்புறம் புரளப் பார்க்கும். இதைத் தடுக்க அடிவயிற்றில் ஈயக் கட்டிகளை வைத்து எடையைக் கீழே இறக்குகிறார்கள். டார்பிடோக்களில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பல்லர்களை ஒரே அச்சில் வைப்பதும் இந்தப் புரளலை அடக்கத்தான். குர்சுரா மாதிரியில் பக்கவாட்டு ப்ரொப்பல்லர்கள் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றவிட்டால் அவற்றின் புரளல் ஒன்றையொன்று தின்றுவிடும். வசதிதான். ஆனால் ஒவ்வொரு ஷாஃப்டும் தண்ணீர் உள்ளே வர ஒரு வாசல். மூன்று ஷாஃப்ட் என்றால் மூன்று வாசல்.

அந்த வாசலைக் காப்பதில்தான் பாதி வேலை போகிறது. மோட்டார், பேட்டரி, ரேடியோ எல்லாம் தண்ணீர் புகாத ஒரு குழாய்க்குள் இருக்கும். பின்னல் ஊசி கனமுள்ள ஷாஃப்ட் மட்டும் அதன் மூடியைத் துளைத்து வெளியே வரும். ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், தண்ணீர் வரவும் கூடாது. ரப்பர் ஓ-ரிங், கிரீஸ் அடைத்த பித்தளைக் குழல், எண்ணெய் சீல் என்று வழிகள் உண்டு. இறுக்கினால் மோட்டாரின் சக்தியை உராய்வு தின்னும். தளர்த்தினால் தண்ணீர் கசியும். சிலர் மூடியைத் துளைப்பதே இல்லை. உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றி, சுவருக்கு வெளியே இருக்கும் இன்னொரு காந்தத்தை இழுத்துச் சுற்ற வைக்கிறார்கள்.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. 2025-ன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அது தண்ணீரில் சோதிக்கப்பட்டது. அந்த ஆழத்தில் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் 600 மடங்கு. சீல்களை மட்டும் நம்பினால் அங்கே ஆகாது. ஆழ்கடல் மோட்டார்களின் கூட்டில் எண்ணெயை நிரப்பி, வெளியே இருக்கும் அழுத்தமே உள்ளேயும் இருக்கும்படி செய்வது வழக்கம். அழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் தண்ணீருக்கு உள்ளே நுழைய அவசரமும் இல்லை.

மலைக்கு வரும் மாதிரிக்கும் அழுத்தம் ஒரு வேடிக்கை காட்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், கல்லாறு தாண்டி வளைவுகள் ஏற ஏற, ஊட்டிக்குள் பலூனாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்போம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மேட்டுப்பாளையத்தில் மூடிய நீர்மூழ்கிக் குழாயும் அந்தப் பாக்கெட் மாதிரிதான். உள்ளிருக்கும் காற்று மூடியை வெளியே தள்ளும், ஏறத்தாழ இரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தோடு. தலைகீழாக, ஊட்டியில் மூடி மேட்டுப்பாளையத்தில் தண்ணீரில் விட்டால், கலம் மூழ்குவதற்கு முன்பே இரண்டு மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் சீல்கள் திணறும். பரிகாரம் எளிது. ஏரிக்கரையில் மூடியைத் திறந்து, காற்றைச் சமன் செய்து, திரும்ப மூட வேண்டும். பனிமூட்டத்தில் மூடினால் உள்ளே சிக்கிய ஈரம் குளிர்ந்த தண்ணீரில் துளித்துளியாகச் சர்க்யூட்டில் படியும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அதற்குக் கைகொடுக்கும்.

கடலில் சரிபார்த்த மாதிரியை அப்படியே ஏரியில் இறக்கவும் முடியாது. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். கடலில் மூழ்கவும் செய்யாமல் மிதக்கவும் செய்யாமல் நின்ற எட்டு கிலோ கலம், ஊட்டி ஏரியில் 200 கிராம் கூடுதல் எடையோடு நேராகத் தரைக்குப் போய்விடும். இரண்டு 100 கிராம் தேயிலைத் தூள் பொட்டலத்தின் எடைதான். அதுவே போதும், கலம் திரும்பாது.

மூழ்குவதிலும் உந்து அமைப்புக்குப் பங்கு உண்டு. தொட்டியில் தண்ணீரை வாங்கிக் கீழே போவது ஒரு முறை. கலத்தை எப்போதும் கொஞ்சம் மிதக்கும்படியே வைத்துவிட்டு, ஓடும்போது பக்கத் துடுப்புகளைச் சாய்த்துக் கீழே இறக்குவது இன்னொன்று. இரண்டாவதில், ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அது நீர்மூழ்கி. மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதையே பலரும் சொல்கிறார்கள்.

மோட்டார் நிற்க ஊட்டி ஏரியில் காரணமும் உண்டு. 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய அந்த ஏரியில் ஆகாயத்தாமரை அடிக்கடி படரும். ஒரு வேர் ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும், மின்சாரத்தை மளமளவென்று இழுக்கும், நொடிகளில் சூடாகிக் கருகும். ப்ரொப்பல்லரைச் சுற்றி வளையம் போடுவதும், கம்பி வலை மாட்டுவதும் ஓரளவு காக்கும். சக்தி வீணாவதுதான் அதன் விலை. வழியில் ஒரு ஃபியூஸும் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் கட்டளை போய்ச் சேர வேண்டுமே. இன்றைய ரிமோட்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். அதனால் இவர்கள் பழைய 27, 40 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். நன்னீரில் அவை சில மீட்டர் ஆழம் எட்டும். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது வெறும் 18 கிலோஹெர்ட்ஸ் அளவில். அதற்கு வானளாவிய கோபுரங்கள் தேவை, தோட்டத்துக் குட்டைக் கரையில் நடக்கிற காரியமில்லை. எனவே மாதிரியில் ஒரு காப்பு வைக்கிறார்கள். சிக்னல் சில நொடி வராவிட்டால் மோட்டாரை நிறுத்தி, தொட்டித் தண்ணீரை வெளியேற்றி, கலம் தானாக மேலே வரும்.

முதல் ஓட்டம் ஏரியில் நடப்பதில்லை. சிமென்ட் தொட்டியில், கை எட்டும் ஆழத்தில், மூடிக்குள் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து அரை மணி நேரம் ஓட்டுவார்கள். பிறகு கலத்தைத் துடைத்து, திருகுகளைக் கழற்றி, காகிதத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஓரத்தில் சின்ன ஈரப் பொட்டு தெரிந்தால் மறுபடி கிரீஸ் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.