கொசுவா, வௌவாலா? ஈப்போ காய்ச்சலின் முடிச்சு

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை பார்த்த பெரியவர்கள். கொசு என்ன, தொழிலைக் கேட்டுவிட்டா கடிக்கும்?

விடை கிடைத்தது மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில். பேராசிரியர் லாம் சாய் கிட்டின் துறையில் கிருமியியல் பயின்றுகொண்டிருந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் ஒரு நோயாளியின் தண்டுவட நீரைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் விட்டு வளர்த்தார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளாயின. ஜப்பானியக் கிருமியின் வேலை அதுவல்ல. மாதிரிகளோடு அமெரிக்காவுக்குப் பறந்தார். புதிய கிருமி என்பது உறுதியானது. அந்த நோயாளி நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கம்பத்தைச் சேர்ந்தவர். கிருமிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

தம்புன் வட்டாரப் பண்ணையில் கொட்டகையை ஒட்டியே மாமரங்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குத் தீனியானது. (அணில் கடித்த பழம் இனிக்கும் என்று தோட்டத்தில் பொறுக்கித் தின்றவர்கள் நாம், வௌவால் கடித்ததைத் தொடாதீர்கள்.) சுவா அதோடு விடவில்லை. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சொட்டிய சிறுநீரைச் சேகரித்தார். அதில் நிப்பா இருந்தது.