களனியின் அடியால் ஏறும் கடல்

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே போனால் முகத்துவாரம். களனி கங்கை கடலில் விழும் இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மழை பெய்தால் ஆறு கடலைத் தள்ளும். வறட்சி நீண்டால் கடல் ஆற்றுக்குள் ஏறும். ஆனால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது. மேலே நன்னீர் வழமைபோல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, அடியால் உவர்நீர் எதிர்த்திசையில் நகரும்.

ஏன் அடியால்? வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து இறங்கி ஒரு லீற்றர் கடல்நீர் அள்ளினால், அதில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. பெரும்பங்கு சோடியம், குளோரைட்டு அயன்கள். நேர் ஏற்றமுள்ள சோடியத்தை நீரின் ஒட்சிசன் பக்கமும், மறை ஏற்றமுள்ள குளோரைட்டை ஐதரசன் பக்கமும் சூழ்ந்து நெருக்கிக்கொள்கின்றன. அதனால் கரைந்த உப்பு அதிகம் இடம் பிடிப்பதில்லை, பாரம் மட்டும் ஏறுகிறது. அந்த ஒரு லீற்றர், அதே சூட்டிலுள்ள ஆற்றுநீரைவிட ஏறக்குறைய 25 கிராம் கூட. ஆற்றின் அடிக்குப் போக இந்த வித்தியாசம் போதும்.

கொழும்பின் பெரும்பகுதிக்குக் குழாய்நீர் தருவது களனிக்கரையிலுள்ள அம்பத்தலே சுத்திகரிப்பு நிலையம். கடலிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. என்றாலும் ஆண்டுக்கணக்காக மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டது. உவர்நீருக்கு அது சறுக்குப்பாதைபோல.

குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இலங்கைத் தர வரையறை. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. கணக்குப் போட்டால், 75 குடம் ஆற்றுநீரைக் கெடுக்க ஒரே ஒரு குடம் கடல்நீர் போதும். மணலில் வடித்தாலும் குளோரீன் போட்டாலும் அந்தக் குளோரைட்டு போகாது. கிருமி சாகும், அயன் அப்படியே இருக்கும்.

தண்ணீர் கரித்தால் "நல்லாக் கொதிக்க வையுங்கோ" என்று அடுத்த வீட்டார் சொல்வதுண்டு. கொதித்தால் ஆவியாகப் போவது நீர்தான். கேத்தலில் மிஞ்சுவது முன்னதைவிடக் கரிக்கும். கொதிநிலைகூடச் சற்று ஏறும். அதற்காகச் சோற்றுப்பானையில் உப்புப் போட்டால் அரிசி கெதியாக அவியும் என்று நம்ப வேண்டாம். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, கொதிநிலையைப் பாகையின் பத்தில் ஒன்றளவே உயர்த்தும். அதே நிறை சீனி அதிலும் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எத்தனை துணிக்கை கரைந்தது என்பதே இங்கே கணக்கு. சீனி மூலக்கூறு பெரியது, உடைவதுமில்லை. உப்போ இரண்டாகப் பிரிகிறது.

அந்தப் பிரிந்த அயன்கள்தான் மின்னையும் கடத்துகின்றன. தூய நீர் கிட்டத்தட்ட கடத்தாது; கடல்நீர் நன்றாகக் கடத்தும். ஆகவே உப்பு ஏறுகிறதா என்று அறிய ஆற்றில் மின்கடத்துதிறன் மானியை இறக்கினால் போதும், உடனே இலக்கம் வந்துவிடும்.

உப்பு ஏறிய வறட்சிகளில் அம்பத்தலேயில் ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்கியதுண்டு. ஆற்றை முழுதாக அடைக்கும் அணை தேவையில்லை. மேலால் நன்னீர் வழிந்து போகட்டும், மறிக்க வேண்டியது அடியால் வருவதைத்தான். மானியையும் மேலோட்டமாக நனைத்து எடுத்தால் நல்ல தண்ணீர் என்றுதான் காட்டும். படுகைவரை இறக்க வேண்டும்.