நொண்டும் குதிரையில் பார்க்க வேண்டியவை

1924ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை பதுளையை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஊவாத் தோட்டங்களில் துரைமார் தோட்ட மலைகளை மேற்பார்வையிடக் குதிரையேறிச் சென்றனர். பதுளை நகரில் பந்தயத் திடலும் இருந்தது. அக்குதிரைகளைத் தேய்த்துத் தீனி வைத்துப் பேணிய குதிரைக்காரர்களுள் பெரும்பாலோர் தமிழர்களாயிருந்தும், அவர்களது கைப்பழக்க அறிவு தோட்ட வரலாறுகளில் போதிய இடம் பெறாதது பெரும் இழப்பே.

நொண்டலை அறிய முதலில் குதிரையின் உடலமைப்பை அறிதல் வேண்டும். சமதரையில் அசையாது நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்கால்களில் இறங்குகிறது. ஹப்புத்தளை போன்ற செங்குத்தான சரிவுகளில் இறங்கும்போது அச்சுமை மேலும் கூடும். மனிதனுக்குள்ள காறை எலும்பு குதிரைக்கு இல்லாமையால், முன்கால்கள் தசைகளாலும் தசைநார்களாலுமே நெஞ்சுக்கூட்டுடன் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே ஒரு பக்கத் தசை தடித்து மறுபக்கம் மெலிந்தால் தோள்கள் சமநிலை இழக்கின்றன. அதிகச் சுமை தாங்கும் குளம்பு அகன்று தட்டையாகவும், மற்றது குறுகி நிமிர்ந்தும் வளரக்கூடும். எப்போதும் இடப்புறமிருந்தே ஏறும் வழக்கமும் முதுகை ஒருபக்கமாக இழுக்கிறது.

நொண்டலைக் கண்டறிவதில் பெரிதும் ஏமாற்றுவது தலையசைவு. முன்காலில் நோவுள்ள குதிரை, அக்கால் தரையில் படும்போது தலையை உயர்த்தி, நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். ஆயினும் இடது பின்காலும் வலது முன்காலும் சேர்ந்து ஊன்றும் துள்ளோட்டத்தில், இடது பின்கால் நோகும் குதிரை அக்கால் ஊன்றும்போது எடையை முன்னே தள்ளத் தலையைத் தாழ்த்துவதால், குற்றமற்ற இடது முன்கால் நொண்டுவதாகவே தோன்றும். இடுப்பெலும்பின் இருபுற ஏற்றஇறக்கத்தையும் பின்னால் நின்று நோக்காதவர், நோவில்லாத காலுக்கே மருத்துவம் செய்வர்.

ஆகவே குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து, கழுத்து முதல் தொடை வரை இரு புறத் தசைகளையும் கையால் தடவி ஒப்பிட வேண்டும். பின்னர் கடினத் தரையில் நேர்கோட்டிலும், இருபுற வட்டங்களிலும் நடத்தி ஓட்ட வேண்டும். சேணம் அழுத்திய தடத்தையும் விடலாகாது. அதன் பிறகே கால்நடை மருத்துவர் குறித்த நரம்பை மரக்கச்செய்து, நொண்டல் நீங்குகிறதா எனக் கண்டு நோவிடத்தை உறுதிசெய்வார்.

அண்டை நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தில் பந்தயங்கள் இன்றும் நடைபெறுகின்றன. சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகளும் அங்குள்ளன. அவற்றின் உரிமையாளர்கள் நொண்டலைக் கண்டவுடன் லாடத்தை மட்டும் மாற்றிச் சவாரிக்கு அனுப்பாமல், முழு உடலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.