குழந்தைக்குப் பனீர்: எப்போது, எப்படி

பனீர் என்பது சூடான பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரியவைத்து, தெளிநீரை வடித்து எடுக்கும் பாலாடைக்கட்டி. அதில் உப்பு கிடையாது, புளிக்கவைப்பதும் கிடையாது. 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் உண்டு. கால்சியமும் கொழுப்பும் நிறைய. கையால் மசித்தாலே குழைவதால் பல் முளைக்காத குழந்தையும் சாப்பிடலாம். ஆனால் அதன் எடையில் பாதிக்கும் மேல் நீர்தான். ஈரமும் புரதமும் சேர்ந்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால் கொதிக்கும்போது செத்துப்போன கிருமிகளின் இடத்துக்குத் துணி, கை, தண்ணீர், கத்தி வழியாகப் புதியவை வந்து சேர்கின்றன. ஆகவே நல்ல பாலில் செய்த பனீரில் பயப்பட வேண்டியது பாலைப் பற்றி அல்ல, கொதித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

தொடங்கும் வயது

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் கழுத்து நன்றாக நின்று, பிடிமானத்தோடு உட்காரத் தொடங்கிய குழந்தைக்கு இணை உணவு தரலாம். கஞ்சி, பருப்பு, மசித்த காய்கறி பழகியதும் பனீரைச் சேர்க்கலாம்.

‘ஒரு வயதுவரை பசும்பால் வேண்டாம் என்கிறார்களே, பனீர் மட்டும் எப்படிச் சரி?’ என்று பல தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த எச்சரிக்கை, பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பதைப் பற்றியது. டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பசும்பால் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவை உண்டாக்கும். இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். உணவோடு ஒன்றிரண்டு ஸ்பூன் பனீர் அப்படிச் செய்யாது. என்றாலும் பனீரில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருப்பு, கீரை, முட்டை, ஈரல் ஆகியவற்றோடு பனீர் சேர வேண்டுமே தவிர, அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

முதல் வாய்

குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளில், காலை வேளையில் அரை ஸ்பூன் போதும். அடுத்த மூன்று நாள்களுக்கு வேறு புதிய உணவு எதையும் தொடங்காமல் இருந்தால், ஏதாவது கோளாறு வரும்போது காரணம் குழம்பாது. பால் புரத ஒவ்வாமை இருந்தால் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வரலாம். சிலருக்கு ஓரிரு நாள் கழித்து மலத்தில் ரத்தமோ சளியோ தெரியும். மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தை துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே பால் ஒவ்வாமை என்று தெரிந்த குழந்தைக்கும், கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் பனீர் தரக் கூடாது.

வீட்டில் செய்யும்போது

காய்ச்சும்போது தானாகத் திரிந்துபோன பாலை வீணாக்க மனமில்லாமல் வடிகட்டிப் பனீராக்குவது பல வீடுகளில் வழக்கம். குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். கிருமிகள் பெருகிப் புளித்ததால்தான் அந்தப் பால் திரிந்தது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதித்தாலும் அழியாது. குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர அதுவே போதும்.

பாக்கெட் பாலோ, கறந்த பாலோ, பொங்கும்வரை காய்ச்சிய நல்ல பால்தான் வேண்டும். வடிகட்டும் துணியைக் குழந்தைக்கென்று தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். புளிப்புப் போக அலசும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்: குழாய்த் தண்ணீரில் அலசினால் பாலைக் காய்ச்சிய பாடெல்லாம் வீண். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே அதற்கும் வேண்டும். மீன், இறைச்சி நறுக்கிய பலகையும் கத்தியும் பனீரின் பக்கம் வரக் கூடாது. செய்த பனீர் அன்றைக்கே செலவாவது நல்லது. மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

கடைப் பனீர்

தேதி அச்சிட்ட, பாஸ்டரைஸ் செய்த பாலில் தயாரான, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பாக்கெட்டே ஏற்றது. திறந்த பாத்திரத்தில் தண்ணீரில் மிதக்கும் பனீரை விட்டுவிடலாம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த ‘அனலாக்’ வகையும் விற்பனையில் இருப்பதால் லேபிளைப் படிக்க வேண்டும். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறியதும் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் போதும். நீலம் தெரிந்தால் மாவு இருக்கிறது. சோதித்த துண்டைக் கொட்டிவிட வேண்டும். கடைப் பனீர் எதுவானாலும் குழந்தைக்குக் கொடுக்கும்முன் நன்றாகச் சூடாக்குவது அவசியம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும். 1985-இல் லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ பாணிப் புதிய சீஸ் வழியாக அது பரவி 142 பேரைத் தாக்கியது. இறந்தவர்களில் பிறந்த குழந்தைகளும் இருந்தார்கள்.

பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ்களில் உப்பு அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு கிராம் உப்புகூட ஆகாது என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே சரி.

துண்டின் வடிவம்

வறுத்த பனீர் ரப்பர்போல் இறுகிவிடும். சதுரத் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். எட்டு மாதம்வரை பருப்பு சாதத்தோடு கூழாக மசிக்கலாம். பிறகு துருவியோ உதிர்த்தோ தரலாம். ஒரு வயதுக்கு மேல், வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்கிய மெல்லிய சிறு துணுக்குகள் போதும். ஓடி விளையாடும் குழந்தையின் பின்னாலேயே போய் ஊட்டக் கூடாது.

இருமி அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது; அதை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் உதடு நீலமானால் அடைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். அடைத்தது கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவக் கூடாது. துண்டு இன்னும் உள்ளே போய்விடும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தைக்கு ஊட்டும் ஒவ்வொருவரும், பாட்டி தாத்தா உட்பட, இந்த முதலுதவியை முன்கூட்டியே பழகிவைத்திருக்க வேண்டும்.