ஒரு கிலோ விறகு, ஐம்பது லீற்றர் தண்ணீர்

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்கள் ஞாபகம் இருக்கிறதா, பிள்ளைகளே? பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்திலும் அம்மம்மா மூன்று கல்லை வைத்து உலை ஏற்றினா. காற்று வீசும்போதெல்லாம் சுவாலை பானையை விட்டு விலகிச் சாய்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் எங்கள் முழங்காலில் சூடு சுள்ளென்று அடிக்கும். அது பானைக்குப் போயிருக்க வேண்டிய சூடு.

எவ்வளவு சூடு வீணாகிறது? கணக்குப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தால் ஏறக்குறைய 15,000 கிலோயூல் வெப்பம் வரும். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 294 கிலோயூல் போதும். அப்படியென்றால் ஒரு கிலோ விறகில் ஐம்பது லீற்றர் கொதிக்க வேண்டும்! மூன்று கல் அடுப்பிலோ ஐந்தாறு லீற்றர் கொதித்தாலே பெரிது. மிச்சமெல்லாம் காற்றுக்கும் கல்லுக்கும் போகிறது. கண்ணைக் கரிக்கும் புகையும் எரியாமல் தப்பிய விறகுதான்.

1980களில் இலங்கை மின்சார சபையும் பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் இந்த விரயத்தைக் குறைக்க முயன்றன. அந்த முயற்சியில் வந்ததுதான் அனகி அடுப்பு. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு ‘மதிப்பு மிக்கது’ என்று பொருள். சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்த அடுப்பு அது. முன்னால் விறகு வைக்கும் வாய், மேலே இரண்டு கண். முதற்கண்ணில் சோற்றுப் பானையைத் தடவிய சூடான வாயு, உள்வழியால் இரண்டாம் கண்ணுக்குப் போய்ப் பருப்பை அவிக்கும். நம் பழைய கொடியடுப்பிலும் இந்த யோசனை உண்டு. பொறியியலாளர்கள் அதை அளந்து, திருத்தி, மறுபடி அளந்தார்கள்.

பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளிதான் எனக்கு மிகப் பிடித்த இடம். அது அகன்றால் சூடு பானையைத் தொடாமலே ஓடிவிடும். ஒடுங்கினால் புகை போக வழியின்றித் தீ திணறும். அதனால்தான் குயவர்கள் அளவு அச்சு வைத்துச் செய்கிறார்கள். களிமண் காயும்போதும் சூளையிலும் சுருங்குமே! அதையும் கணக்கில் சேர்த்து, ஈர மண்ணில் சற்றுப் பெரிதாகவே வனைய வேண்டும்.

எந்த அடுப்பிலும் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் திறந்த பானையில் தண்ணீரின் சூடு 100 பாகைதான். அரிசி வேகும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். மேலதிகமாகத் தள்ளும் விறகு நீராவியாகப் பறக்கிறது. ஒரு லீற்றர் ஆவியாக 2,260 கிலோயூல் வேண்டும். அதைக் கொதிக்க வைத்த செலவைப்போல ஏழு மடங்குக்கும் மேல். உலை கொதித்ததும் அம்மம்மா இரண்டு கொள்ளியை வெளியே இழுத்து, மண்ணில் குத்தி அணைப்பா. எந்தப் புத்தகமும் சொல்லாமலே அவவுக்கு அது தெரிந்திருந்தது.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் சோதியுங்கள். ஒரே பானை, ஒரே அளவு தண்ணீர். ஒருநாள் மூடியோடு, மறுநாள் மூடியில்லாமல். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். கொதிக்கும் முன்னும் பின்னும் விறகை நிறுத்து, இரண்டு எடைகளையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.