சயாம் சாலையில் ஒரு நாள்

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்களிடம் 'சயாம்' என்று சொல்லிப் பாருங்கள். பலருடைய முகம் மாறிவிடும். இன்று நாம் தாய்லாந்து என்று அழைக்கும் நாட்டின் பழைய பெயர் அது. நமக்கு அது விடுமுறையைக் கழிக்கும் இடம். அவர்களுக்கோ, போனவர்கள் திரும்பி வராத இடம்.

என் நண்பரின் பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1943ஆம் ஆண்டில் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் வீடு திரும்பவே இல்லை. அவர் எங்கே இறந்தார் என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. "அந்த மண்ணையாவது பார்த்துவிட்டு வா" என்று பாட்டி பலமுறை சொல்லியிருந்தார். அதனால், ஒரு பள்ளி விடுமுறையில் நானும் நண்பரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் பெடாசிலிருந்து புறப்பட்டோம்.

சொந்த வண்டியில் அண்டை நாட்டுக்குச் செல்ல முன்னேற்பாடு தேவை. கடப்பிதழ், வண்டியின் பதிவு அட்டை, வாகனமோட்டும் உரிமம் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். வண்டி பிறர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டும். ஆசியான் நாடுகள் 1985ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நமது உரிமம் தாய்லாந்திலும் செல்லும். ஆனால், தாய்லாந்துக்கான காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். எல்லையில் சுங்கத்துறை தரும் தற்காலிக இறக்குமதிப் படிவத்தைப் பத்திரப்படுத்தி, திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். அங்கும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டோம்.

புக்கிட் காயூ ஈத்தாமில் எல்லையைக் கடந்து, வடக்கு நோக்கி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓட்டினோம். நான்காம் நாள் காலையில் காஞ்சனபுரி நகரில் கண் விழித்தோம். இக்கட்டுரை அந்த ஒரு நாளைப் பற்றியது.

முதலில் குவாய் ஆற்றுப் பாலத்துக்குச் சென்றோம். இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாவில் இருந்த தன் படைகளுக்குப் பொருள்களை அனுப்ப ஜப்பானிய இராணுவம் ஓர் இரயில் பாதையை அமைத்தது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலையும் காடும் நிறைந்த அவ்வழியில் பாதை போடும் வேலை 1942ஆம் ஆண்டில் தொடங்கி, 1943 அக்டோபரில் முடிந்தது. பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் அக்காலத்தவை. நடுவில் நேர்க்கோடாகத் தெரியும் பகுதிகள், குண்டுவீச்சில் சிதைந்த பிறகு மாற்றப்பட்டவை.

அவ்வேலையில் சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள். "மூன்று மாத வேலை, நல்ல சம்பளம்" என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் போனார்கள். பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சரக்கு இரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சென்ற அவர்கள், பிறகு காட்டு வழியே முகாம்களுக்கு நடந்தார்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி ஆகியவை அவர்களைச் சூறையாடின.

பாலத்திலிருந்து 323ஆம் எண் சாலையில் வடமேற்காகச் சென்றோம். கரும்புத் தோட்டங்கள் பின்னே போக, மலைகள் நெருங்கி வந்தன. வளைவுகளில் கனரக லாரிகள் எதிரே வந்ததால் வேகத்தைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராக ஓட்டினோம். தாம் கிராசே என்னுமிடத்தில், ஆற்றை ஒட்டிய செங்குத்துப் பாறையோரமாக மரக்கால்கள் மேல் இரயில் பாதை செல்கிறது. அதன்மேல் இன்றும் இரயில் ஓடுகிறது.

நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் 'நரக நெருப்புக் கணவாய்' உள்ளது. பாறையைச் சுத்தியலாலும் உளியாலும் பிளந்து உண்டாக்கிய வழி அது. இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்தது. எலும்பும் தோலுமான மனிதர்கள் அவ்வெளிச்சத்தில் அசைந்த காட்சியே அப்பெயருக்குக் காரணம். ஆஸ்திரேலிய அரசு இங்கு அமைத்த நினைவு அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. நாங்கள் கணவாயின் நடுவே நடந்தோம். வண்டியில் வந்த எங்களுக்கே வெயில் தாங்கவில்லை. நண்பர் பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

மாலையில் நகருக்குத் திரும்பிப் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். அங்கே ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. "ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லையே" என்றார் நண்பர்.

ஏன் இல்லை? கைதிகள் இராணுவத்தினர். அவர்களுடன் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தவர்களின் விவரங்களை அவர்கள் மறைவாக எழுதி வைத்தனர். போர் முடிந்ததும் அவர்களுடைய அரசுகள் உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்தன. தோட்டத் தொழிலாளர்களுக்கோ பெயர் எழுதி வைக்க ஆளில்லை. தேடி வர அரசும் இல்லை. பலர் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர், சிலர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள் மட்டுமே உள்ளன.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் பலரின் எச்சங்கள் அங்கேதான் புதைக்கப்பட்டுள்ளன. 2023ஆம் ஆண்டில், மாண்ட தமிழர்களின் நினைவாக அங்கு ஒரு நடுகல் நிறுவப்பட்டது. போரில் இறந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் பழைய மரபு. உழைத்து மாண்டவர்களுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. அது கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

நண்பர் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். அதில் பெடாசிலிருந்து கொண்டு வந்த ஒரு பிடி மண் இருந்தது. அதைக் கல்லின் அடியில் தூவினார். பிறகு, பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, "பாட்டி, வந்து சேர்ந்துட்டேன்" என்றார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் பாட்டி கேட்டார்.

அன்று நாங்கள் ஓட்டியது ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர்களைப் பற்றிய கதை இருக்கலாம். தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். சொல்லும் பெயர்களையும் ஊர்களையும் எழுதி வையுங்கள். அன்று எழுதி வைக்க ஆளில்லாமல் போனதால்தான் அத்தனை பெயர்கள் மறைந்தன.