செப்புத் தகடும் சேவையின் சுவடும்

செப்புத் தகட்டிலே கூருளிகொண்டு கீறி, கீறலில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்த, ஓர் உருவம் பல படிகளாகப் பெருகும். ஐரோப்பியத் துறவறச் சபைகள் தம் பெரியோரின் திருமுகங்களை இவ்வாறே பரப்பின.

கண்டி மாநகர் கண்ட துறவி ஒருவரை இங்கு எண்ணுதல் தகும். கோவாவிற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் (1651–1711), ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் இலங்கை வந்தார். 1692இல் கண்டியை அடைந்தவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். பின்னர்ப் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் புகலளித்தான். 1697இல் வைசூரி பரவி, நோயுற்றோரை உற்றாரும் கைவிட்டு ஓடியபோது, அடிகளார் அவர்களைத் தம் கையாற் பேணினார்.

2015இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற அவரது திருவுருவம் இன்று ஆலயங்கள் பலவற்றில் விளங்குகின்றது. ஆயினும் கண்டியில் அவரை அடக்கிய இடத்தை இன்று அறிவார் இலர். அவர் சார்ந்த கோவாச் சபையும் 1835இல் கலைக்கப்பட்டது.

எனின், எஞ்சியது யாது? அச்சபையினரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் இயற்றிய நூல்கள் எஞ்சின. வேற்றுச் சமயத்தானைக் காத்த மன்னனின் பெருந்தகைமையும் எஞ்சியது. தகடு அச்சிடுந்தோறும் தேயும். நூலோ பயிலுந்தோறும் வளரும். இரு மொழியாரும் ஒருங்கு வாழும் இம்மலைநாட்டில், நம் மாணாக்கர் படத்தை வணங்குவதோடு அமையாது அந்நூல்களையும் பயில்வாராக.